கண் இமையை வரையும் பிரஷ் எது?

முதலில் ஒரு சின்னச் சோதனை. உங்கள் ஓவியப் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே ஒல்லியான பிரஷை எடுங்கள். தண்ணீரில் நன்றாக நனைத்து, ஒரு உதறு உதறுங்கள். இப்போது நுனியைப் பாருங்கள். ஊசி போல ஒன்று சேர்ந்து நிற்கிறதா? இல்லை, பாம்பின் நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்து நிற்கிறதா?

பிளந்துதான் நிற்கிறது என்றால், ஒரு நல்ல சேதி. மயிலின் கொண்டையும், பூனையின் மீசையும், அம்மாவின் கண் இமையும் உங்களுக்கு ஒழுங்காக வராததற்குக் காரணம் உங்கள் கை இல்லை. அந்தப் பிரஷ்தான்!

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. எட்டாம் வகுப்பில் ஓர் ஓவியப் போட்டிக்குப் போயிருந்தேன். மயில் வரைந்தேன். உடம்பெல்லாம் அழகாக வந்துவிட்டது. தோகையில் மெல்லிய கோடுகள் போடும்போதுதான் வந்தது வினை. ஒரு கோடு இழுத்தால் இரண்டு கோடு விழுந்தது. போதாததற்கு, பிரஷிலிருந்து ஒரு முடி கழன்று ஈரமான நீல நிறத்தில் ஒட்டிக்கொண்டது. அதை நகத்தால் எடுக்கப் போய்... வேண்டாம், அந்தச் சோகக் கதை எதற்கு! பரிசு கிடைக்கவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த மாதம், சேர்த்து வைத்த காசை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போய், "நல்ல பிரஷ் வேணும் அண்ணே" என்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய் ஒரு பிரஷ் எடுத்து வந்தார். பழுப்பு நிற முடி, அருமையான நுனி. அதை வைத்துப் பல வருடம் வரைந்தேன். அந்தப் பிரஷைப் பற்றி எனக்குத் தெரியாமலே போன ஒரு விஷயம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நுனி எப்படி வருகிறது?

காய்ந்த பிரஷின் முடிகள் பிரிந்து நிற்கும். நனைத்ததும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். தலைக்குக் குளித்ததும் உங்கள் முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்கிறதே, அதே கதைதான். தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். இதற்குப் 'பரப்பு இழுவிசை' என்று பெயர். அந்த விசைதான் முடிகளை எல்லாம் உள்ளே இழுத்து ஊசி முனையாக்குகிறது.

ஆனால், தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது. முடியும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு விலங்கின் முடி நுனியில் தானாகவே மெலிந்து முடியும். நல்ல பிரஷ் செய்பவர்கள் அந்த நுனியில் கத்தரியே வைக்க மாட்டார்கள். ஒரு கொத்து முடியை, நுனி கீழே இருக்கும்படி சின்னக் குப்பி ஒன்றில் போட்டு மெல்லத் தட்டுவார்கள். நடுவில் நீண்டும் சுற்றிலும் குட்டையாகவும் முடிகள் அமைந்துவிடும். அப்படியே நூலால் கட்டி, உலோகக் குழாய்க்குள் செருகுவார்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மறுமுனையைத்தான் வெட்டுவார்கள். மலிவான பிரஷ்களிலோ, முடியைச் செருகிவிட்டு நுனியைப் பென்சில் சீவுவது போலக் கத்தரித்துவிடுவதும் உண்டு. வெட்டுப்பட்ட மொண்ணை முடிகள் எப்படி ஊசியாகச் சேரும்?

நுனிக்குக் கீழே கொஞ்சம் உப்பலாக இருக்கிறதே, அது பிரஷின் வயிறு. வண்ணத் தண்ணீர் அங்கேதான் தங்கும். வயிறு நிறையக் குடித்துக்கொண்டு, நுனி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் நல்ல பிரஷின் வேலை. நம் பேனாவில் மை இறங்குவது போல!

'பூஜ்யம்' வாங்காதீர்கள்!

பிரஷின் பிடியில் எண்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். 12 என்றால் பெரியது. 2, 1 என்றால் சின்னது. அதற்கும் கீழே 0, 00, 000 என்று போகும். பூஜ்யம் கூடக் கூட, பிரஷ் இளைத்துக்கொண்டே போகும். (மார்க் ஷீட்டில் பூஜ்யம் கூடினால் நாம் இளைப்போமே, அது மாதிரி!) ஒரு கம்பெனியின் 1-ம் எண்ணும் இன்னொரு கம்பெனியின் 1-ம் எண்ணும் ஒரே அளவில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் எண்ணை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள்.

நுணுக்கமாக வரைய வேண்டும் என்றதும் எல்லோரும் 000-ஐத்தான் தேடுவார்கள். நானும் தேடியிருக்கிறேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு வயிறே கிடையாது! தட்டில் தொட்டு எடுத்து, காகிதத்துக்குக் கொண்டு போவதற்குள் வண்ணம் காய்ந்துவிடும். ஒரு மீசை வரைய நாலு தடவை தொட வேண்டியிருக்கும். நாலு தடவையும் கோட்டின் நிறம் மாறும்.

கோட்டின் தடிமனைத் தீர்மானிப்பது பிரஷின் நுனிதான். நுனி கூர்மையாக இருந்தால் 2-ம் எண் பிரஷாலேயே இமை வரையலாம். கொஞ்சம் அழுத்தினால் அதே பிரஷ் இலை வரையும். நாலு மோசமான குட்டி பிரஷ்கள் வாங்குகிற காசில், 2-ம் எண்ணில் ஒரே ஒரு நல்ல 'ரவுண்ட்' பிரஷ் வாங்குங்கள். என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்து வாட்டர் கலருக்கு அது ஒன்றும், வானம் பூச ஒரு பெரிய பிரஷும் போதும். பத்து பிரஷ் கொண்ட செட்டில் எட்டு பெட்டியிலேயே தூங்கும்.

ஒற்றை முடி ரகசியம்

முகலாயர் காலச் சிற்றோவியங்களைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவுப் படத்தில் அரசரின் தாடி முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். "ஒரே ஒரு முடி வைத்த பிரஷால் வரைந்தார்கள்" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ஒரு முடியை நனைத்து வரைந்து பாருங்கள்! வண்ணம் எங்கே தங்கும்? உண்மையில் அது பல முடிகள் கொண்ட பிரஷ்தான். அத்தனை முடிகளும் சேர்ந்து நுனியில் ஒரே முடியாக முடியும். அந்தக் கூர்மைதான் 'ஒற்றை முடி'க் கதையாகிவிட்டது.

அந்த ஓவியர்களுக்குப் பிடித்தது அணிலின் வால் முடி. அதை நூலால் கட்டி, பறவை இறகின் தண்டுக்குள் செருகிக்கொள்வார்கள். இறகுத் தண்டுதான் அந்தக் காலத்து உலோகக் குழாய்!

ஜஹாங்கீர் அவையில் இருந்த அபுல் ஹசன் என்ற ஓவியரின் பெயரோடு புகழ்பெற்ற படம் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1605-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்தது. பெரிய சினார் மரம் ஒன்று. அதன் கிளைகளில் அணில்கள் ஓடி விளையாடுகின்றன. கீழே ஒருவன் மரமேறப் பார்க்கிறான். அணில்களின் வாலில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது. அணில் வால் முடியால் அணிலின் வாலையே வரைந்திருப்பாரோ? வேடிக்கைதான், இல்லையா?

ராணிக்குப் பிடித்த 7

ஐரோப்பாவில் வாட்டர் கலர் ஓவியர்கள் இன்றும் உயர்வாகச் சொல்வது 'கோலின்ஸ்கி' பிரஷை. சைபீரியாவின் கடுங்குளிரில் வாழும் ஒரு மரநாய் இனத்தின் வால் முடி அது. நடுவில் தடித்து, நுனியில் மெலிந்திருக்கும். வளைத்தால் 'சட்'டென்று நிமிரும்.

1866-ல் இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி, வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியிடம், "உங்களால் முடிந்த மிகச் சிறந்த வாட்டர் கலர் பிரஷைச் செய்து தாருங்கள்" என்று கேட்டாராம். ராணிக்குப் பிடித்த அளவு 7. அதனால் அந்த வரிசைக்கே 'சீரிஸ் 7' என்று பெயர் வைத்தார்கள். ராணிக்குத் தந்த பிரஷ்களுக்குத் தந்தத்தில் பிடி, வெள்ளியில் குழாய்! அந்த வரிசை இன்றும் விற்பனையில் இருக்கிறது. பெரிய அளவு ஒன்றின் விலையில் உங்களுக்கு ஒரு சைக்கிளே வாங்கிவிடலாம். ஆகவே, அதைக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ரசிப்போம்.

இன்னொரு வேடிக்கை. கடையில் 'கேமல் ஹேர் பிரஷ்' என்று கேட்டிருப்பீர்கள். ஒட்டக முடி என்றுதானே நினைத்தீர்கள்? அதில் ஒட்டகமே இல்லை! அணில், ஆடு, குதிரை என்று ஏதாவது ஒரு முடியாக இருக்கும். ஒட்டக முடி சுருண்டு கம்பளி மாதிரி இருப்பதால் பிரஷுக்கு ஆகாது.

கீரிப்பிள்ளை கதை

இப்போது என் பழுப்பு நிறப் பிரஷுக்கு வருவோம்.

பாம்பிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றிய கீரிப்பிள்ளை கதை உங்களுக்குத் தெரியும்தானே? தண்ணீர் எடுத்து வந்த அம்மா, கீரியின் வாயில் ரத்தத்தைப் பார்த்து, குழந்தையைத்தான் கடித்துவிட்டது என்று நினைத்து, குடத்தை அதன் மேல் போட்டுவிடுவாள். உள்ளே போய்ப் பார்த்தால் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் பாம்பு செத்துக் கிடக்கும். சின்ன வயதில் அந்த அம்மாவின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

நான் ஆசையாக வைத்திருந்த பிரஷ், கீரி முடியில் செய்தது. பல வருடம் கழித்து, ஒரு பத்திரிகையில் கீரி முடி பிரஷின் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அதே பழுப்பு. அதே நுனி. கொஞ்ச நேரம் ஒன்றும் பேச முடியவில்லை.

கீரியை யாரும் பண்ணையில் வளர்த்து, ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பது போலக் கத்தரிப்பதில்லை. காட்டிலும் வயல்வெளியிலும் பொறிவைத்துப் பிடித்து, கொன்றுதான் முடியை எடுக்கிறார்கள். ஒரு கீரியிடம் கிடைக்கும் முடி சில பத்து கிராம்கள்தான். ஒரு கிலோ முடிக்குச் சுமார் 50 கீரிகள் சாக வேண்டும் என்கிறார்கள் வனவிலங்கு ஆர்வலர்கள். வயலில் எலியையும் பாம்பையும் பூச்சியையும் பிடித்துத் தின்று விவசாயிக்கு உதவுகிற விலங்கு அது!

நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் கீரிகளைக் காக்கிறது. கீரியைப் பிடிப்பதும், அதன் முடியையோ முடியில் செய்த பிரஷையோ விற்பதும் வாங்குவதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. ஆனாலும் திருட்டுத்தனமாக விற்பனை நடந்துகொண்டேதான் இருந்தது. 2019 அக்டோபரில், மத்திய அரசின் வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவினர் பல மாநிலங்களில் ஒரே சமயத்தில் திடீர் சோதனை நடத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்'. 50 ஆயிரத்துக்கும் அதிகமான பிரஷ்களும், 100 கிலோவுக்கு மேல் கீரி முடியும் பிடிபட்டன. 50 கீரி கணக்கை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

எப்படி அடையாளம் காண்பது? கீரியின் ஒரு முடியிலேயே இரண்டு மூன்று நிறம் இருக்கும். நுனி கரும்பழுப்பு, நடுவில் வெளிர் மஞ்சள், அடியில் மறுபடி கருமை என்று பட்டை பட்டையாகத் தெரியும். செயற்கை இழை அப்படி இருக்காது. பெரும்பாலும் அடி முதல் நுனி வரை ஒரே நிறம், ஒரே வழவழப்பு. சில கம்பெனிகள் நுனிக்கு மட்டும் வேறு சாயம் போடுவதும் உண்டு. அதனால் சந்தேகம் இருந்தால், "இது எந்த முடி அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். பெயர் எதுவும் அச்சிடாத பிரஷை உள்ளே போய் எடுத்து வந்து, "இதுதான் ஒசத்தி" என்றால் வாங்காதீர்கள். 'சிந்தெடிக்' என்று அச்சிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

செயற்கை இழை மட்டமா?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. விலங்கு முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. அவை தண்ணீரைப் பிடித்து வைக்கும். பழைய நைலான் இழையோ கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். காகிதத்தில் வைத்ததும் மொத்தத் தண்ணீரும் 'தொபுக்'கென்று இறங்கிவிடும். மீசை வரையப் போய்க் குளம் வெட்டுவோம்! இப்போது நுனி மெலிந்த இழைகளும், தண்ணீர் தங்குவதற்காக லேசாக நெளிந்த இழைகளும் வந்துவிட்டன. நுண்ணிய கோட்டுக்கு அவை தாராளமாகப் போதும். சொல்லப்போனால், சின்ன அளவுகளில் செயற்கை இழையின் விறைப்பு நல்லதே. கை நடுங்கினாலும் கோடு அவ்வளவாக நடுங்காது.

ஒரு குறை மட்டும் உண்டு. நாளாக ஆக நுனி கொக்கி போல வளைந்துவிடும். அப்போது அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லி, சுடுதண்ணீரில் நுனியை மட்டும் சில விநாடிகள் முக்கி எடுத்து, விரலால் நீவிவிடச் சொல்லுங்கள். பல சமயம் நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டால் மரப்பட்டை, புல் வரைய வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் என்ன செய்வீர்கள்?

புது பிரஷ் எல்லாமே கடையில் ஊசி மாதிரிதான் நிற்கும். ஏமாந்துவிடாதீர்கள்! பயணத்தில் நுனி கெடாமல் இருக்கப் பசை தடவி வைத்திருப்பார்கள். கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள். "அங்கிள், நனைச்சுப் பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். பசை கரையும் வரை தண்ணீரில் சுழற்றுங்கள். பிறகு உதறுங்கள். நாம் ஆரம்பத்தில் செய்த அதே சோதனை! நுனி சேர்ந்தால், அடுத்து அதை நகத்தின் மேல் லேசாக வளைத்துவிட்டு எடுங்கள். உடனே நிமிர வேண்டும். வளைந்தே கிடந்தால் வேண்டாம்.

உலோகக் குழாயையும் பிடியையும் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள். ஆடினால் ஒரு மாதத்தில் கழன்றுவிடும். முடியை லேசாக இழுத்தால் கையோடு வரக் கூடாது. எனக்கு மயில் தோகையில் வந்த வினை உங்களுக்கு வேண்டாம்!

வாங்கிவிட்டீர்களா? இனி அது எத்தனை நாள் உழைக்கும் என்பது உங்கள் கையில். நம்மில் பாதிப் பேர் செய்கிற தப்பு, பிரஷைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்திவிட்டு டி.வி. பார்க்கப் போவது. அவ்வளவுதான், நுனி காலி. வண்ணம் குழாய்க்குள் ஏறிக் காய்ந்தாலும் முடிகள் விரிந்துவிடும். அதனால் பாதி முடி வரைக்குமே தொடுங்கள். வேலை முடிந்ததும் குளிக்கும் சோப்பில் உள்ளங்கையில் தேய்த்துக் கழுவி, விரலால் நுனியைக் கூர்மையாக்கி, படுக்க வைத்துக் காயவிடுங்கள். நுனியைக் கூராக்க நாக்கில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சில வண்ணங்களில் நச்சு உலோகங்கள் கலந்திருக்கும்.

என் பழைய பிரஷ் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? அதில் நான் மறுபடி வரையவில்லை. இப்போது என் மேஜையில் இருப்பது 2-ம் எண் செயற்கை இழைப் பிரஷ். மயில் தோகை அதில் நன்றாகவே வருகிறது.

சரி, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. தடித்த காகிதத்தில் தபால் தலை அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பக்கம் ஓடுகிற அணிலையோ, கொல்லையில் எட்டிப் பார்க்கிற கீரிப்பிள்ளையையோ அதற்குள் முழுசாக வரைய வேண்டும். முதலில் உடம்புக்கு வெளிர் நிறம் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் பிரஷில் இருக்கும் அதிகத் தண்ணீரைத் துணியில் ஒற்றிவிட்டு, செங்குத்தாகப் பிடித்து, நுனி மட்டும் காகிதத்தில் படும்படி வால் முடிகளைப் போடுங்கள். விரலால் இழுக்காமல், சுண்டு விரலைக் காகிதத்தில் ஊன்றிக்கொண்டு மணிக்கட்டால் இழுங்கள். வாலிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே மூச்சில், ஒரு முடிக்கு ஒரே கோடு!